கூடாரத்துக்குள் சாப்பாடு வைத்தால் என்ன தப்பு?

தனிவழி:
போன வாரம் மலையில் ஓர் இரவு தங்கினோம். பிஸ்கட், ரொட்டி, கழுவாத பாத்திரம் எல்லாவற்றையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன். கூட வந்தவர் ராத்திரி முழுக்கப் புலம்பல், கரடி வரும் என்று. வெளியே நெருப்பு எரிந்தது. பத்து வருஷமாக இப்படித்தான், ஒன்றும் வந்ததில்லை. இவ்வளவு பயம் இருந்தால் எதற்குக் காட்டுக்கு வர வேண்டும்?

மரங்கொத்தி:
பத்து வருஷமும் தப்பித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். மனிதச் சாப்பாட்டுக்கு ருசி கண்ட கரடி நெருப்பைப் பார்த்து ஓடாது, அதோடு நீங்கள் குறட்டை விடும் நேரத்துக்கு நெருப்பும் சாம்பலாகியிருக்கும். கரடி அடுத்த விஷயம், எலியே போதும். என் கூடாரத்தில் காதுக்குப் பக்கத்தில் கறுக் கறுக்கென்று சத்தம், டார்ச் அடித்தால் துணியில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை, பையில் பாதி வேர்க்கடலை காலி. சமையலும் சாப்பாடும் கூடாரத்திலிருந்து 100 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

தனிவழி:
100 மீட்டரா! அந்த இருட்டில் நடந்து பாம்பை மிதிக்கவா? பாம்புக்கடியை விட எலிக்கடி மேல்.

சருகு:
அதனால்தான் இருட்டும் முன்பே சமைத்து முடிப்பது. ராத்திரி எழுந்தாலும் டார்ச், மூடின ஷூ, ஷூவைப் போடும் முன் ஒரு தட்டு. குறுக்கே கட்டை கிடந்தால் ஒரேயடியாகத் தாண்டாதீர்கள், மேலே ஏறி அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கால் வையுங்கள். மீறிக் கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்.

தனிவழி:
சரி, என்னிடம் கரடி ஸ்பிரே, அதான் கரடியை விரட்டும் மிளகாய்க் கார ஸ்பிரே, இருக்கிறது. கூடாரத்தைச் சுற்றி அடித்துவிட்டால் முடிந்ததே?

மரங்கொத்தி:
ஐயா, அதை மட்டும் செய்யாதீர்கள்! காய்ந்த ஸ்பிரேயின் வாசனை கரடியை இழுக்கும், கொசு மருந்து மாதிரி நினைத்துவிட்டீர்கள். அது பாய்ந்து வரும் கரடியின் முகத்துக்கு நேரே அடிப்பதற்கு, எட்டுவதே ஒன்பது மீட்டர் சுமாருக்குத்தான், சில விநாடியில் டப்பா தீர்ந்துவிடும். பைக்கு அடியில் கிடந்தால் அதுவும் பிரயோஜனமில்லை, இடுப்பில் தொங்க வேண்டும். ஓடித் தப்பலாம் என்றும் நினைக்காதீர்கள், கரடி மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடும்.

சருகு:
இன்னொன்று, உங்களுக்கு எதுவும் ஆகாவிட்டாலும் உங்கள் ரொட்டியைத் தின்று பழகின கரடி அடுத்த கூடாரத்துக்குப் போகும். கடைசியில் ஆபத்தான மிருகம் என்று அதைத்தான் சுடுவார்கள்.

தனிவழி:
இது நான் யோசிக்காதது. சரி, கரடி திறக்க முடியாத டப்பா ஒன்று வாங்கிவிடுகிறேன், போதுமா? ஆனால் பற்பசைக்கெல்லாம் 100 மீட்டர் நடக்க மாட்டேன்.

மரங்கொத்தி:
பற்பசை, சோப்பு, குப்பை வாசனைக்கும் கரடி வரும், எல்லாம் அதே டப்பாவில்தான். அங்கேயே பல் தேய்த்துவிட்டு வந்து படுங்கள்.