செக்‌ஷன் 8 வவுச்சர் வந்தால் பழைய லீஸ் செல்லாதா?

கேள்வி:
அமெரிக்காவில் ஓராண்டு லீஸ், முடிய இன்னும் 7 மாதம் இருக்கிறது. மாத வாடகை 1,600 டாலர். குடியிருப்பவருக்கே செக்‌ஷன் 8 வவுச்சர் (குறைந்த வருமானத்தாருக்கு ஹவுசிங் அத்தாரிட்டி என்ற உள்ளூர் அரசு அமைப்பு வாடகையில் ஒரு பங்கைக் கட்டும் உதவி) கிடைத்திருக்கிறது, அதை ஏற்க ஓனரும் சம்மதம். ஆனால் "பழைய லீஸ் முடிஞ்சது, 1,750-க்கு புது லீஸ் போடுங்க. ஹவுசிங் அத்தாரிட்டி ஒத்துக்கலேன்னா 150-ஐ தனியா கையில கொடுங்க" என்கிறார். சரியா?

பதில் 1:
கையில் கொடுக்கவே வேண்டாம். அத்தாரிட்டி ஒப்புக்கொண்ட வாடகைக்கு மேல் ஓனர் வாங்குவது, அவர் அத்தாரிட்டியோடு போடும் ஒப்பந்தத்தை மீறுவது. கொடுத்தவரின் வவுச்சருக்கும் ஆபத்து.

ஓனர் வாயால் சொல்லி லீஸ் முடியாது. புது லீஸ் போடும்வரை 1,600-தான். புது லீஸ் கேட்பது மட்டும் நியாயம். வவுச்சர் விதிகளைச் சொல்லும் 52641-ஏ என்ற அரசு இணைப்பு ஒரு வரி மாறாமல் லீஸில் இருக்கவேண்டும், லீஸின் முதல் காலமும் பொதுவாக ஓராண்டாவது வேண்டும். லீஸும் இணைப்பும் முரண்பட்டால் இணைப்பு சொல்வதே செல்லும். அந்த முதல் காலத்துக்குள் வாடகையை ஏற்றவும் முடியாது.

பதில் 2:
1,750 ஏன் நிற்காது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கழிவுகள் போக மாத வருமானம் 2,000, வாடகையும் கரண்ட், கேஸும் சேர்த்து அத்தாரிட்டி கணக்கில் எடுக்கும் உச்சவரம்பு 1,600, கரண்ட், கேஸ் 100 என்று வைப்போம். உங்கள் பங்கு 30%, அதாவது 600. 1,750-உம் 100-உம் சேர்ந்து மொத்தம் 1,850 என்றால் வரம்பைத் தாண்டும் 250-உம் உங்கள் தலையில்: 850. ஆரம்பத்தில் 40%-ஐ, இங்கே 800-ஐ, தாண்டினால் அனுமதியே கிடையாது. பழைய வாடகையில் 700-தான், தாராளமாக நடக்கும். ஓனரிடம் இந்தக் கணக்கையே காட்டுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். இந்த வீட்டுக்கு அனுமதி கேட்கும் 52517 படிவம் கொடுத்ததுமே தங்கள் பங்கை மட்டும் கட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். இன்ஸ்பெக்‌ஷன் தேறாத நாட்களுக்குப் பொதுவாக அத்தாரிட்டி ஒரு காசு தராது, அதுவரை முழு வாடகை உங்களுடையது. படிவத்தை வவுச்சர் காலாவதியாகும் முன் கொடுத்துவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. ஒப்பந்தம் ஆன பிறகு அத்தாரிட்டி பணம் தாமதமானால்?

பதில் 1:
அவர்கள் பங்குக்கு நீங்கள் பொறுப்பல்ல. அதைக் காரணம் காட்டி வெளியேற்ற முடியாது. உங்கள் பங்கை மட்டும் தேதி தவறாமல், ரசீதோடு கட்டுங்கள். வெளியேற்ற நோட்டீஸ் வந்தால் ஓனர் அதன் நகலை அத்தாரிட்டிக்கும் தரவேண்டும். நீங்களும் அன்றே ஒன்று அனுப்பிவிடுங்கள்.