யூகான்: ஜெனரேட்டர் ஐந்து மணி நேரம் ஓடியும் விடிவதற்குள் பேட்டரி காலி

புதுக்குளிர் (செவ்வாய், இரவு 8.50)

எல்லோருக்கும் வணக்கம். தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் பதில் போடுங்கள். ஆகஸ்டில் கனடாவின் வடமேற்கு மூலையில், யூகானில் இருக்கும் வைட்ஹார்ஸ் வந்தோம். டவுனுக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. மார்ஷ் ஏரிப் பக்கம், கரண்ட் லைனே இல்லாத ஒரு கேபின் கிடைத்தது. பேட்டரி இருக்கிறது, 2000 வாட் ஜெனரேட்டர் இருக்கிறது. "தினமும் நாலைந்து மணி நேரம் ஓட்டினால் போதும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் வெயில் தேடி தெற்கே போய்விட்டார். மார்ச்சில்தான் வருவார். நானும் தவறாமல் ஐந்து மணி நேரம் ஓட்டுகிறேன். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு இன்வர்ட்டர் கீ கீ என்று கத்தி அணைந்துவிடுகிறது. வெளியே மைனஸ் 24. பெட்ரோலுக்குக் கொடுத்தே ஓய்ந்துவிட்டோம். இன்னும் பெரிய ஜெனரேட்டர் வாங்க வேண்டுமா?

பெர்த்_பாண்டியன் (இரவு 9.05)

ஜெனரேட்டரையே மறந்துவிடுங்கள் ப்ரோ. சோலார் போடுங்கள். நான் இங்கே 6 கிலோவாட் போட்டேன், மூன்று வருடமாக நிம்மதி. வந்த புதிதில் நானும் கரண்ட் பில்லைப் பார்த்து அழுதவன்தான். ஷேர் ரூமில் ஏழு பேர், ஏசி போட்டால் சண்டை, போடாவிட்டால் 42 டிகிரி. அதையெல்லாம் எழுதினால் தனிக்கதை.

ஸ்காபரோ அண்ணை (இரவு 9.20)

தம்பி, இதுக்கெல்லாம் பயப்பிடாதையும். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு வருடக்கணக்காக இருட்டிலே இருந்த ஆக்கள் நாங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்டோம். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம், தொடங்குவதற்கு மட்டும் துளி பெற்றோல். பிறகு இங்கே வந்து முதல் குளிர்காலம் ஒரு நிலக்கீழ் அறையில், ஹீற்றர் பழுது, ஒரு கம்பளிக்குள் மூன்று பேர். உமக்கு ஜெனரேற்றராவது இருக்கு. காரின் எஞ்சினை ஓட விட்டு ஜம்பர் கேபிளைப் பற்றறியில் பூட்டும், காணும்.

கால்கரி_மதுரைக்காரன் (இரவு 9.31)

அண்ணை, கார் எஞ்சினைச் சும்மா ஓட விட்டு அவ்வளவு பெரிய பேட்டரியை நிரப்ப நினைத்தால் கார் டேங்க்தான் முதலில் காலியாகும். ஒரு நாள் அவசரத்துக்குச் சரி, தினமும் செய்கிற வேலை இல்லை. பேசாமல் லித்தியம் வாங்கிவிடுங்கள். பழைய ஈய பேட்டரியெல்லாம் குப்பை.

எல்லோநைஃப் படகுவீடு (இரவு 9.48)

மைனஸ் 24இல் லித்தியமா? லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து கெட்டுவிடும். நல்ல பேட்டரியாக இருந்தால் அதுவே சார்ஜை மறுத்துவிடும். வீட்டுக்குள் சூடான இடத்தில் வைக்க முடிந்தால் மட்டும் அந்தப் பேச்சு. சோலாரும் இப்போது உதவாது. வைட்ஹார்ஸில் டிசம்பர் கடைசியில் பகல் ஐந்தரை மணி நேரம்தான், நடுப்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி உயரம்கூட முழுதாக ஏறாது. நடுவில் ஒரு குன்று இருந்தால் அதுவும் கிடையாது.

புதுக்குளிர், நீங்கள் எதையுமே சொல்லவில்லையே. என்ன பேட்டரி, எத்தனை? எங்கே வைத்திருக்கிறது? ஜெனரேட்டரிலிருந்து பேட்டரிக்கு எது வழியாகக் கரண்ட் போகிறது? நடுவில் இருக்கும் சார்ஜர் எத்தனை ஆம்ப்?

கால்கரி_மதுரைக்காரன் (இரவு 9.55)

சார்ஜர் இன்வர்ட்டருக்குள்ளேயே இருக்குமே அக்கா. 2012இல் ஊரில் பாதி நாள் கரண்ட் இருக்காது. எங்கள் வீட்டு டியூபுலர் பேட்டரிக்குத் தனியாக சார்ஜர் என்று எதுவும் வாங்கியதில்லை. மாதம் ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றியதோடு சரி.

தஞ்சை_வினிபெக் (இரவு 10.02)

கேள்வி அது இல்லை. குடும்பத்தோடு வருகிறவர்கள் ஏன் லைன் இல்லாத காட்டுக்குள் போகிறீர்கள்? ஏஜென்ட் காட்டும் படத்தில் மேப்பிள் இலை மட்டும்தான் இருக்கும். இங்கே வந்து இறங்கினால் ஒரு படுக்கையறைக்குக் கேட்கும் வாடகையில் ஊரில் வீடே கட்டலாம்.

பெர்த்_பாண்டியன் (இரவு 10.06)

ஊரில் இருப்பவர்களுக்கு இது எங்கே புரிகிறது. பனி பெய்தால் போட்டோ அனுப்பு என்கிறார்கள். மாமா பையனுக்கு ஐபோன் வேண்டுமாம்.

ஸ்காபரோ அண்ணை (இரவு 10.11)

எங்கட காலத்தில் போட்டோ அனுப்பவே காசில்லை.

புதுக்குளிர் (இரவு 10.25)

அண்ணன்மார்களே, நான் தம்பி இல்லை. கணவர் சுரங்க வேலையில், இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. இப்போது நானும் ஆறு வயது மகளும் மட்டும். கேபினைச் சுற்றி ஈ காக்காய் இல்லை.

அக்கா கேட்டதற்கு: பெரிய பேட்டரி நாலு, ஒவ்வொன்றிலும் 6 வோல்ட், 220 என்று எழுதியிருக்கிறது. தரைக்கு அடியில் ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கின்றன. ஜெனரேட்டரோடு சிவப்பும் கறுப்புமாக கிளிப் வைத்த ஒரு ஒயர் வந்தது. அதை ஜெனரேட்டர் முகப்பில் 12 வோல்ட் என்று எழுதிய துளையில் செருகி, கிளிப்பைப் பேட்டரியில் மாட்டுகிறேன். சார்ஜர் என்று தனியாக எதையும் பார்க்கவில்லை. இன்வர்ட்டர் இருக்கிறதே, அதுவே ஏற்றிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

குளிரில் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, அதனால் பத்து நாளாக முன்பக்க அடைப்புத் திண்ணைக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறேன். மகளுக்குச் சாயங்காலமானால் தலைவலி. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போல.

எல்லோநைஃப் படகுவீடு (இரவு 10.27)

இப்போது ஓடுகிறதா? ஓடினால் இந்த நிமிடமே நிறுத்து. கதவு ஜன்னல் எல்லாம் திற, மகளுக்குக் கோட்டைப் போட்டு வெளியே கூட்டிப் போய் வண்டியில் உட்காருங்கள். அது குளிரின் தலைவலி இல்லை, புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. வாசனை இருக்காது, நிறம் இருக்காது. மயக்கம், வாந்தி, தூக்கக் கலக்கம் ஏதாவது இருந்தால் 911. முதலில் பதில் எழுது, பேட்டரி அப்புறம்.

புதுக்குளிர் (இரவு 10.52)

நிறுத்தி ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது அக்கா. எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு வண்டியில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். அவள் தெளிவாகத்தான் பேசுகிறாள், வாந்தி இல்லை. தலைவலி குறைந்துவிட்டது என்கிறாள். எனக்குத்தான் கை நடுங்குகிறது.

எல்லோநைஃப் படகுவீடு (இரவு 11.05)

வண்டியின் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று இறங்கிப் பார். நாளைக் காலை இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள், ரத்தத்தில் பார்ப்பார்கள். வரும்போது பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி, படுக்கும் இடத்தில் மாட்டு. விறகடுப்பு உள்ள வீட்டுக்கு அது எப்படியும் வேண்டும். ஜெனரேட்டர் இனி வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை வாய் வீட்டைப் பார்க்காமல். ஜன்னலைத் திறந்துவைத்துத் திண்ணையில் ஓட்டலாமா என்று கேட்காதே. கூடாது.

ஸ்காபரோ அண்ணை (இரவு 11.09)

பிள்ளை, தெரியாமல் தம்பி என்று எழுதிவிட்டேன், குறை நினையாதையும். அக்கா சொல்வதைக் கேளும். ஜெனரேற்றரை வீட்டுக்குள் ஓட விட்டுச் செத்துப்போன குடும்பங்களை நான் அறிவேன்.

எல்லோநைஃப் படகுவீடு (புதன், மதியம் 1.15)

காலையில் ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னதாகத் தனியாக எழுதியிருந்தாள். இனி பேட்டரி.

எல்லோநைஃப் ஏரிக்குடாவின் நடுவில் படகுவீட்டில் ஆறு குளிர்காலம் இதே வேலையைத்தான் செய்தேன். அங்கேயும் லைன் கிடையாது. முதல் வருடம் நானும் இதே தப்பைச் செய்தவள். ஜெனரேட்டரின் அந்த 12 வோல்ட் துளை கார் பேட்டரிக்குக் கைகொடுக்க வைத்தது, சுமார் 8 ஆம்ப்தான் வரும். அந்த 220 பேட்டரியின் கொள்ளளவு, ஆம்ப்-மணியில். உன் நாலு பேட்டரியும் இரண்டிரண்டாகச் சேர்ந்து 12 வோல்ட்டில் 440 ஆம்ப்-மணி. ஐந்து மணி நேரத்தில் 40 ஏறும். அண்டாவை ஸ்பூனால் நிரப்புகிறாய். ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது பேட்டரிக்குத் தெரியாது, எத்தனை ஆம்ப் உள்ளே வந்தது என்பதுதான் தெரியும். பெரிய ஜெனரேட்டர் வாங்கினாலும் அந்தத் துளை அதே துளைதான்.

மதுரைத் தம்பி சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. நம் ஊரில் இன்வர்ட்டர் என்றாலே சார்ஜரும் உள்ளே சேர்ந்தது. இங்கே கேபின்களில் இருக்கும் பல இன்வர்ட்டர்கள் ஒருவழிப் பாதை, பேட்டரியிலிருந்து எடுக்க மட்டும்தான் தெரியும்.

கேம்பர் வண்டிச் சாமான் விற்கும் கடையில் 12 வோல்ட், 50 அல்லது 55 ஆம்ப் சார்ஜர் கேள். இந்த வகைப் பேட்டரிக்குக் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கு ஆம்ப் சரியான அளவு. அதை ஜெனரேட்டரின் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் செருக வேண்டும். 900, 1000 வாட் இழுக்கும், உன்னுடையது தாங்கும். பேட்டரிக்குப் போகும் ஒயர் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும், பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வேண்டும். இதைக் கடைக்காரரையே பார்த்துக் கொடுக்கச் சொல்.

இன்னொன்று, ராத்திரி என்னென்ன ஓடுகிறது?

புதுக்குளிர் (மதியம் 2.40)

லைட் எல்லாம் எல்இடி. சாட்டிலைட் இணையம் எப்போதும் ஓடும், அவர் கூப்பிடுவாரே. ரைஸ் குக்கர் ராத்திரி ஒருமுறை. அப்புறம் குளிரில் வண்டி ஸ்டார்ட் ஆவதற்காக எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக், அது ராத்திரி முழுக்க இன்வர்ட்டரில். அதுவும் கணக்கில் வருமா?

கால்கரி_மதுரைக்காரன் (மதியம் 2.44)

அம்மாடி.

எல்லோநைஃப் படகுவீடு (மதியம் 3.10)

அதுதான் திருடன். எஞ்சின் ஹீட்டர் 400 வாட் இருக்கும். ஆறு மணி நேரம் என்றால் 2400 வாட்-மணி. உன் பேட்டரி முழுசாக நிரம்பியிருந்தாலும், பாதிக்குக் கீழே இறக்காமல் எடுக்கக் கூடியது 2600தான். இணையத் தட்டு 50, 60 வாட் என்றாலும் 24 மணி நேரத்துக்கு 1200, 1400 ஆகிவிடும். நீ உள்ளே போட்டது 500கூட இல்லை. இதில் இரண்டு மணி வரை தாங்கியதே ஆச்சரியம்.

எஞ்சின் ஹீட்டரை ஜெனரேட்டரில் நேராகப் போடு, கிளம்புவதற்கு முன்னால் இரண்டு, மூன்று மணி நேரம் போதும். முதலில் சார்ஜர் மட்டும் ஓடட்டும், ஆம்ப் இறங்கத் தொடங்கியதும் வண்டியைச் செருகு. தூங்கும்போது இணையத்தை அணை, இன்வர்ட்டரையும் அணை. அது சும்மா இருந்தாலே 20 வாட் குடிக்கும். சோற்றை சிலிண்டர் அடுப்பில் வை, இல்லாவிட்டால் விறகடுப்பு எரிந்துகொண்டுதானே இருக்கிறது.

கால்கரி_மதுரைக்காரன் (மதியம் 3.22)

அக்கா, தினமும் 100 சதவீதம் ஏற்றாவிட்டால் ஈய பேட்டரி கெட்டுப்போகும் என்று படித்தேனே.

எல்லோநைஃப் படகுவீடு (மதியம் 3.40)

படித்தது பொய் இல்லை, ஆனால் பெட்ரோல் யார் போடுவது? 80 சதவீதம் வரை மளமளவென்று ஏறும். கடைசி 20க்குப் பேட்டரியே ஆம்ப்பைக் குறைத்துக்கொள்ளும், மணிக்கணக்காக இழுக்கும். அவ்வளவு நேரமும் ஜெனரேட்டர் தண்டத்துக்கு ஓடும். தினமும் 80 வரை, வாரம் ஒரு நாள் முழுக்க. அந்த ஒரு நாளையும் விட்டால்தான் தகட்டில் சல்பேட் உப்பு படிந்து இறுகிவிடும்.

புதுக்குளிர், பேட்டரிப் பெட்டிதான் எனக்குக் கவலை. நிரம்பிய பேட்டரி மைனஸ் 50க்கும் அசையாது. பாதி காலியானது மைனஸ் 25 பக்கம் உறையத் தொடங்கும். அடியோடு காலியானது மைனஸ் 10க்கே உறையும். உன்னுடையது தினமும் காலியாகிறது. பெட்டியைத் திறந்து பார். பக்கவாட்டில் உப்பியிருந்தால், மூடிக்குள் பனிக்கட்டி தெரிந்தால், சார்ஜரை மாட்டாதே, வெடிக்கும். உருகவிட்டு, விரிசல் இல்லை என்று பார்த்த பிறகுதான். பெட்டிக்குச் சுற்றிலும் தெர்மகோல் பலகை அடித்து வை, மேலே காற்றுப் போக ஒரு துளை விடு. ஏறும்போது ஹைட்ரஜன் வரும்.

ஸ்காபரோ அண்ணை (மதியம் 3.58)

வெளியில் வைத்தால் ஜெனரேற்றர் தொடங்காது என்றாளே. அதுக்கு என்ன வழி?

எல்லோநைஃப் படகுவீடு (மாலை 4.10)

நல்ல கேள்வி அண்ணை. ஓடாத நேரத்தில் திண்ணைக்குள் இருக்கட்டும். எஞ்சின் ஆறிய பிறகு உள்ளே எடுத்து, ஓட்டும்போது மட்டும் வெளியே, இருபது கிலோ சொச்சம்தான் எடை. ஆயில் 10டபிள்யூ-30 இருந்தால் மாற்றி 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் தேன் மாதிரி இறுகிவிடும். தினமும் ஐந்து மணி நேரம் ஓடினால் இருபது நாளில் நூறு மணி, ஆயில் மாற்றும் கெடு வந்துவிடும். மேலே மூன்று பக்கம் அடைத்த ஒரு மரக்கூடு போதும். காற்று நேராக அடித்தால் எஞ்சினின் மூச்சுக்குழாய்க்குள் ஈரம் உறைந்து, உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலைத் துப்பிவிடும்.

புதுக்குளிர் (ஞாயிறு, காலை 11.30)

அலாரம் மாட்டியாச்சு. 55 ஆம்ப் சார்ஜர் வந்துவிட்டது, விலை கொஞ்சம் கடித்தது. பேட்டரி உப்பவில்லை. ஆனால் இரண்டில் தண்ணீர் தகட்டுக்குக் கீழே போயிருந்தது, டிஸ்டில்ட் வாட்டரைத் தகடு மூடும் வரை ஊற்றினேன். நேற்று மூன்றரை மணி நேரம் ஓட்டினேன். ராத்திரி முழுக்க எதுவும் அணையவில்லை. மீட்டரில் 14.4 காட்டுகிறது, நிரம்பிவிட்டதா?

எல்லோநைஃப் படகுவீடு (காலை 11.50)

ஓடும்போது தெரியும் எண்ணை நம்பாதே, அது சார்ஜரின் எண். நிறுத்தி, எல்லாவற்றையும் அணைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார். 12.7 நிரம்பியது, 12.2 பாதி.

புதுக்குளிர் (மதியம் 2.35)

12.5.

எல்லோநைஃப் படகுவீடு (மதியம் 2.41)

நல்லது. இத்தனை நாள் பட்டினி கிடந்த பேட்டரி. இன்றே ஒரு முழு ஏற்றம் கொடு, ஏழெட்டு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. ஆம்ப் பத்துக்குக் கீழே இறங்கி அப்படியே நிற்கும் வரை. முடிந்ததும் மறுபடி தண்ணீர் பார்த்து, குறைந்திருந்தால் இப்போது மேல் அளவு வரை ஊற்று.

ஸ்காபரோ அண்ணை (மதியம் 2.50)

பிள்ளை, மகளுக்குத் தலைவலி எப்படி?

புதுக்குளிர் (மதியம் 3.02)

புதன்கிழமையிலிருந்து இல்லை அண்ணா.