கிணத்துத் தண்ணில குரோமியம் இருக்கான்னு பாக்க சிப் வாங்கிட்டுப் போலாமா?

வாலாஜாக்காரன்:
வணக்கம் மக்களே. இருக்கிறது சிங்கப்பூர் உட்லண்ட்ஸ், சொந்த ஊரு ராணிப்பேட்டை பக்கம். ஒரு பக்கம் தோல் டேனரி, இன்னொரு பக்கம் மூடிப்போன குரோமேட் ஃபேக்டரியோட கழிவு மேடு, எங்க நிலத்தடி தண்ணியோட கதை இங்க சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும். குடிக்க கேன் வாங்குறோம், சமையலுக்கும் மாட்டுக்கும் கிணறுதான். மைக்ரோஃப்ளூயிடிக் சிப்னு ஒண்ணு இருக்காமே, ஒரு சொட்டு விட்டா கலர் மாறும் போன் கேமரால ரீடிங் வரும்ங்கறாங்க, பொங்கலுக்குப் போறப்ப எடுத்துட்டுப் போலாம்னு பாக்குறேன். யாராச்சும் யூஸ் பண்ணிருக்கீங்களா? அப்பா என்னடான்னா கொதிக்க வச்சா எல்லாம் போயிடும்ங்கறாரு.

லேப்_அக்கா:
முதல்ல அப்பாகிட்ட சொல்லுங்க தம்பி, கொதிக்க வச்சா கிருமிதான் சாகும், குரோமியம் எங்கயும் போகாது, தண்ணி ஆவியாகி மிச்சத்துல இன்னும் கூடத்தான் செய்யும்.

நீங்க சொல்றது தாள் சிப். 2007ல ஹார்வர்ட்ல ஒயிட்சைட்ஸ் குழு பண்ணிக் காட்டினது, தாள்ல தண்ணி ஏறாத மாதிரி கரை கட்டி நடுவுல பாதை விடுவாங்க, சொட்டு தானா ஊறிப்போய் மருந்து வச்ச இடத்தைத் தொடும், பம்ப்பும் வேணாம் பேட்டரியும் வேணாம். குரோமியத்துக்கு அந்த மருந்து டைஃபினைல்கார்பசைடு, கூட கொஞ்சம் ஆசிட், இருந்தா ஊதா கலந்த சிவப்பு வரும். ஆனா தண்ணில குரோமியம் ரெண்டு வடிவத்துல இருக்கும், குரோமியம்-6, குரோமியம்-3ன்னு; இந்த மருந்து ஆறை மட்டும்தான் பிடிக்கும், மூணை பிடிக்காது. ஆறுதான் ரொம்ப விஷம், அதனால அது பரவால்ல. பிரச்சனை எங்கன்னா இந்தியால குடிநீருக்கு மொத்த குரோமியம் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம்தான் வரம்பு, தாளோட தடிமன் கால் மில்லிமீட்டர்கூட இல்ல, அவ்ளோ மெல்லிசுல அந்த அளவு கலர் கண்ணுக்குத் தெரியுறது கஷ்டம். ஒண்ணுமே தெரியலைன்னா சுத்தம்னு மட்டும் நினைச்சுடாதீங்க!! அதே மருந்தை உயரமான டியூப்ல போட்டு மேலருந்து பாத்தா இதைவிட நல்லாவே தெரியும். இரும்பு அதிகமா இருந்தா மஞ்சளடிச்சு வேற குழப்பும்.

சிம்லிம்_சுத்தி:
அக்கா அதுக்குத்தான் கலருக்குப் பதிலா கரண்ட்டை வச்சு அளக்குற எலெக்ட்ரோட் சிப் இருக்கே, சிம் லிம் டவர்ல பார்ட்ஸ் வாங்கி ரீடர் நானே கட்டிருக்கேன். ஈயம் காட்மியம்லாம் முதல்ல எலெக்ட்ரோட் மேல படிய வச்சுட்டு அப்புறம் வோல்டேஜை ஏத்திக்கிட்டே போனா ஒவ்வொண்ணும் அதது இடத்துல கழண்டு வரும், மைக்ரோகிராம் அளவுலயே தெரியும்

லேப்_அக்கா:
ஈயத்துக்கு சரி, WHO சொல்ற 10 மைக்ரோகிராமைக்கூட அதுல பாக்கலாம். குரோமியம் அந்த மாதிரி படிஞ்சு கழண்டு வராது, அதுக்கு முறையே வேற. தம்பிக்கு இருக்கிறது குரோமியக் கிணறு, ஈயக் கிணறு இல்ல.

வாலாஜாக்காரன்:
அப்போ பாட்டில்ல பிடிச்சு சிங்கப்பூருக்கே கொண்டாந்து டெஸ்ட் பண்ணா? இங்க குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறவனுங்ககிட்ட இதைச் சொன்னா ஒரு மாதிரி பாக்குறானுங்க

லேப்_அக்கா:
வேணாம். குரோமியம்-6 வர்ற வழியிலயே குரோமியம்-3ஆ மாறலாம், சும்மா பிடிச்ச தண்ணின்னா குளிர்ல வச்சு 24 மணி நேரத்துக்குள்ள பாக்கணும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துல லேப் இருக்கு, அங்கயே குடுங்க, மொத்த குரோமியம்னு கேட்டு எழுதி வாங்குங்க. சிப்பை வேற வேலைக்கு வச்சுக்கோங்க: உங்க கிணறு, பக்கத்து வீட்டு போர், வயல் மோட்டார்னு சுத்தி எல்லாத்துலயும் போட்டுப் பாருங்க, சிவப்பு அடிக்கிற தண்ணிய முதல்ல லேபுக்கு அனுப்புங்க, உங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி எப்படியும் லேபுக்குப் போகணும். கேன் தண்ணிலயும் ஒண்ணு போட்டு ஒப்பிடுங்க.

தேக்கா_வாசி:
எவர்சில்வர் சொம்புல மொண்டு எடுத்துடாதீங்க பாஸ், எவர்சில்வர்லயே குரோமியம் இருக்கு. புது பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துட்டுப் போங்க. அப்புறம் கிட்ல ஆசிட் பாட்டில் தனியா இருந்தா லக்கேஜ்ல போட முடியாது, ஊர்லயே வாங்கிக்கோங்க