மறு: அல்னாவுக்குத் தமிழ்ப்பெயர் – முழத்தெலும்பு

வணக்கம்.

> முழம் அளவை ஆயிற்றே. அதை எலும்புக்குப் பெயராக வைக்கலாமா ஐயா?

தாராளமாக வைக்கலாம். முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்றான அல்னாவுக்கு ‘முழத்தெலும்பு’ என்பதே என் பரிந்துரை. இலத்தீனில் அல்னா என்றால் முதலில் முழங்கை, முன்கை. பிறகுதான் அது அளவையானது. இங்கிலாந்தின் பழைய இலத்தீன் ஆவணங்களில் துணி அளக்கும் ‘எல்’ என்ற அளவைக்கும் அல்னா என்றே எழுதினார்கள். நம் முழமும் உடம்பிலிருந்து வந்ததுதான். முழங்காலிலும் ‘முழம்’ இருக்கிறதே, காலை வைத்து யார் பூ அளந்தார்கள்?

மொரிசியசில் நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பிரெஞ்சில் படித்த பெரியவர்கள் இந்த எலும்பைக் க்யூபித்யூஸ் என்பார்கள். ஆங்கிலப் பாடநூல் படிக்கும் பேரப்பிள்ளை அல்னா என்கிறான். இரண்டும் ஒன்று என்பது பல வீடுகளில் தெரியாது. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய மருத்துவ நூலாசிரியர் செல்சுஸ் இந்த எலும்பைக் குபித்துஸ் என்று எழுதினார். அந்தச் சொல்லுக்கும் முழங்கை என்றுதான் பொருள். க்யூபிட் என்ற முழ அளவு அதன் வழி வந்தது. ஆக, பிரெஞ்சு வழியில் போனாலும் ஆங்கில வழியில் போனாலும் முழத்துக்கே வந்து சேர்கிறோம். இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது அல்னாவை அப்படியே எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

‘முழங்கை எலும்பு’ என்றால் போதாது. முன்கையில் எலும்பு இரண்டு. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது அது மற்றதன் மேல் குறுக்காகப் புரளும். சுண்டுவிரல் பக்கம் இருக்கும் அல்னாவோ மேற்கை எலும்போடு கீல் போலப் பொருந்தி நிற்கும். முழம் போடும்போது அளவு தொடங்குவதும் அல்னாவின் மேல்முனையிலிருந்துதான்.

‘முழவெலும்பு’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அது முழவு என்ற இசைக்கருவியை நினைவூட்டும். மரத்தடி போல அத்துச் சாரியை சேர்த்து ‘முழத்தெலும்பு’ என்றால் குழப்பமில்லை.

ரேடியசுக்கு ‘ஆரை’ இருக்கட்டும். இலத்தீனில் சக்கரத்தின் ஆரக்காலுக்கும் அதே சொல்தான். கணக்குப் பாடத்தோடும் ஒத்துப்போகும்.

அடுத்து ஒலெக்ரானன்: மேசையில் கையை ஊன்றினால் இடிக்கும் அந்த முனை. கிரேக்கத்தில் ‘முழங்கைத் தலை’. நமக்கு ‘முழமுனை’ சரிவருமா? மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரோஸ் ஹில்லிலிருந்து