பெப்டிடோகிளைக்கான் டிஎல்ஆர்-2-ஐத் தூண்டுகிறதா, கூடவே வரும் லிப்போபுரோட்டீனா?

மியூரமில்:
பாக்டீரியாவை உணரும் நோயெதிர்ப்பு ஏற்பிகள் (டிஎல்ஆர்) பற்றிப் பல பாடக்குறிப்புகளில் இன்னும் அதே பட்டியல்தான்: எல்பிஎஸ்-க்கு (கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வு நச்சு) டிஎல்ஆர்-4, பெப்டிடோகிளைக்கானுக்கு (பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டும் பாலிமர்) டிஎல்ஆர்-2. இரண்டாவதை நீக்கிவிட வேண்டும் என்கிறேன். பெப்டிடோகிளைக்கானை உணர்பவை செல்லுக்குள் இருக்கும் நாட்-1, நாட்-2. நாட்-2 மியூரமில் டைபெப்டைடையும், நாட்-1 டைஅமினோபைமெலிக் அமிலம் கொண்ட துண்டையும் பிடிக்கின்றன. டிஎல்ஆர்-2 பிடிப்பது லிப்போபுரோட்டீனின் (கொழுப்பு ஏறிய பாக்டீரியப் புரதம்) கொழுப்பு வாலை. 2007-ல் வந்த படிக அமைப்பிலேயே இது தெரிகிறது: பாம்3-இன் (லிப்போபுரோட்டீனைப் போலச் செயற்கையாகச் செய்த மூலக்கூறு) இரண்டு கொழுப்புச் சங்கிலிகள் டிஎல்ஆர்-2-இன் பைக்குள், மூன்றாவது டிஎல்ஆர்-1-க்குள். பெப்டிடோகிளைக்கானில் அப்படி ஒரு வாலே கிடையாது.

வெள்ளணு:
ஒரு லிகாண்டுக்கு (ஏற்பியில் பொருந்தும் மூலக்கூறு) படிக அமைப்பு கிடைத்துவிட்டது என்பதற்காக மற்றதெல்லாம் லிகாண்ட் இல்லை என்றாகிவிடாது. 2004-ல் ஒரு குழு, நன்கு சுத்திகரித்தால் டிஎல்ஆர்-2 தூண்டல் மறைகிறது என்றது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் சுவரை மறுபடி சோதித்து, தூண்டல் மறையாமல் நீடிக்கிறது என்றது. பாடக்குறிப்பைத் திருத்தும் அளவுக்கு வழக்கு முடிந்துவிட்டதா?

மியூரமில்:
கணக்குப் போட்டுப் பாருங்கள். சோதனையில் பொதுவாக மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பெப்டிடோகிளைக்கான் இடுகிறோம். அதில் 0.1 சதவீதம் லிப்போபுரோட்டீன் கலந்திருந்தாலே 10 நானோகிராம். டிஎல்ஆர்-2 ஏற்றிய ஹெக்-293 செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்கள்) ஒரு நானோகிராம் பாம்3-க்கே பதில் தருகின்றன. 99 சதவீதத் தூய்மை என்று புட்டியில் எழுதியிருப்பதால் இங்கே எந்தப் பயனும் இல்லை.

வெள்ளணு:
கணக்கு சரி. ஆனால் கலப்பு இருக்கக்கூடும் என்றுதான் அது சொல்கிறது. கலப்புதான் காரணம் என்று சொல்லவில்லை. எல்ஜிடி மரபணு நீக்கிய ஸ்டாஃபிலோகாக்கஸில் லிப்போபுரோட்டீனுக்குக் கொழுப்பு ஏறுவதே இல்லை. அந்தத் திரிபின் பெப்டிடோகிளைக்கானும் எலியின் கெரட்டினோசைட்டுகளில் (தோல் செல்கள்) டிஎல்ஆர்-2, நாட்-2 இரண்டின் வழியாகவும் தூண்டியது என்று 2010-ல் வந்த ஆய்வுக்கு என்ன பதில்?

மியூரமில்:
நல்ல கேள்வி, இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் அதே வகைத் திரிபை முழு பாக்டீரியாவாகக் கொடுத்தால் டிஎல்ஆர்-2 பதில் பெருமளவு விழுந்துவிடுகிறது. சுவர் அதில் அப்படியே இருக்கிறதே. பெப்டிடோகிளைக்கான் வலுவான லிகாண்டாக இருந்தால் ஏன் விழ வேண்டும்?

வெள்ளணு:
முழு பாக்டீரியாவில் சுவரை டைகோயிக் அமிலமும் (சுவரோடு பிணைந்த இன்னொரு பாலிமர்) புரதங்களும் மூடியிருக்கின்றன. ஏற்பிக்கு எட்டாமல் போகலாம்.

சுவர்ப்பொறி:
இருவரும் தயாரிப்பு முறையைச் சொல்லாமலே பேசுகிறீர்கள். பாதிச் சிக்கல் அங்கேதான். 5 சதவீத எஸ்டிஎஸ்-இல் (ஒரு சவர்க்காரம்) அரை மணி நேரம் கொதிக்கவைத்து, கண்ணாடி மணிகளால் உடைத்து, டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம் ஆகியவற்றை நொதிகளால் நீக்கி, பிறகு 48 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் 4 டிகிரியில் ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டும். டைகோயிக் அமிலத்தின் பாஸ்ஃபோடைஎஸ்டர் பிணைப்புகளை அமிலம் அறுத்துவிடும். பாலிபுரொப்பிலீன் குழாய்தான், அந்த அமிலம் கண்ணாடியை அரிக்கும். அந்த அமிலம் பட்டால் பூச வேண்டிய கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் புட்டியைத் திறக்கவே கூடாது.

அதிகம் தவறுவது எஸ்டிஎஸ்-ஐக் கழுவுவதில். குளிர்ந்த சுழலியில் போட்டால் எஸ்டிஎஸ் படிகமாகிச் சுவரோடு அடியில் இறங்கும். பொட்டாசியம் உள்ள இடையகத்தில் கழுவினாலும் அதே கதி. அறை வெப்பத்தில், வெறும் நீரில், ஐந்தாறு முறை கழுவுங்கள். எஞ்சிய எஸ்டிஎஸ் செல்லைக் கொன்றுவிடும். பதில் இல்லாததைப் பார்த்து 'தூண்டவில்லை' என்று எழுதிவிடுவார்கள். எனவே செல் உயிர்ப்புச் சோதனை இல்லாத எதிர்மறை முடிவை நான் ஏற்பதில்லை.

ஈ. கோலை சுவர் என்றால் இன்னொன்று. பிரவுனின் லிப்போபுரோட்டீன் (அதன் வெளிச்சவ்வைச் சுவரோடு கட்டும் புரதம்) டைஅமினோபைமெலிக் அமிலத்தோடு சகப்பிணைப்பில் இருக்கிறது. எஸ்டிஎஸ்-இல் எவ்வளவு கொதித்தாலும் போகாது, ட்ரிப்சினால் வெட்ட வேண்டும்.

வெள்ளணு:
பாலிமிக்சின் பி சேர்த்தும் பதில் குறையவில்லை, ஆகவே கலப்பு இல்லை என்று எழுதுகிறார்களே, அது?

சுவர்ப்பொறி:
பாலிமிக்சின் எல்பிஎஸ்-இன் கொழுப்புப் பகுதியான லிப்பிட் ஏ-யை மட்டுமே கட்டும். எல்பிஎஸ்-ஐக் கண்டறியும் லிமுலஸ் சோதனையும் லிப்போபுரோட்டீனைக் காட்டாது. எல்பிஎஸ் இல்லை என்பதற்கு அவை சான்று, அவ்வளவுதான்.

மியூரமில்:
அப்படியானால் பிரித்தறியும் சோதனை ஒன்றுதான். மியூட்டனோலைசின் நொதி பெப்டிடோகிளைக்கானின் சர்க்கரைச் சங்கிலியை வெட்டும், லைசோஸ்டாஃபின் நொதி ஐந்து கிளைசின் பாலத்தை வெட்டும். பாலிமர்தான் லிகாண்ட் என்றால் செரித்தபின் டிஎல்ஆர்-2 பதில் விழ வேண்டும். லிப்போபுரோட்டீன் என்றால் அப்படியே நிற்கும், சிக்கியிருந்தது வெளிவந்து ஏறவும் கூடும்.

வெள்ளணு:
ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. நொதி எதில் தயாரானது என்று பார்க்க வேண்டும். ஈ. கோலையில் செய்தால் எல்பிஎஸ் வரும், ஸ்டாஃபிலோகாக்கஸில் செய்தால் நீங்கள் சொல்லும் அதே லிப்போபுரோட்டீன் வரும்.

சுவர்ப்பொறி:
நொதியை மட்டும் கொதிக்கவைத்து ஒரு தனிக் குழியில் இடுங்கள். கொதித்தால் நொதி சாகும். எல்பிஎஸ்-உம் லிப்போபுரோட்டீனும் சாகாது. அந்தக் குழி பதில் காட்டி ஒளிர்ந்தால் அன்றைய தட்டு முழுவதையும் ஒதுக்கிவிட்டு வேறு நொதி வாங்குங்கள்.