ஸ்டார்ம்ட்ரூப்பர் கால் கவசம்: பின்பக்கம் கூடவில்லை, வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் வெள்ளைக் கவச வீரன் உடையை, கிட் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாமே சூடாக்கி அச்சின்மேல் உறிஞ்சி வார்த்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் துண்டுகள். மார்பு, தோள், கை முடிந்துவிட்டன. சிக்கல் முழங்காலுக்குக் கீழே.

கெண்டைக்காலைச் சுற்றும் இரண்டு பாதிகளையும் முன்பக்கம் 20 மில்லிமீட்டர் பட்டை வைத்து இ6000 பசையால் ஒட்டினேன்; உறுதியாக நிற்கிறது. பின்பக்கம் வெல்க்ரோவால் மூட வேண்டிய இடத்தில்தான் இரண்டு விரல் இடைவெளி. உள்ளே போடும் கறுப்பு உடை அப்பட்டமாகத் தெரிகிறது.

வெட்டி மிஞ்சிய துண்டில் ஒரு பட்டை சேர்த்து, அசிட்டோனில் கரைத்த ஏபிஎஸ் கூழால் இணைப்பை நிரப்பலாம் என்பது என் எண்ணம். கூழ் காயும்போது சுருங்கிப் பள்ளம் விழும், ஆகவே மெல்லிய பூச்சாகப் பலமுறை தடவ வேண்டும் என்பது தெரியும். கவலை மினுமினுப்பைப் பற்றியது. இந்தக் கவசத்துக்குப் பெயின்ட் கிடையாது, பிளாஸ்டிக்கின் சொந்த வெண்மைதான் அதன் அழகு. தேய்த்த இடம் மங்கித் தனித்துத் தெரியுமா? எந்த எண் உப்புத்தாளில் முடித்து, எதைக் கொண்டு மெருகேற்றினீர்கள்?

வெந்நீரில் முக்கி வளைவைத் தளர்த்தியவர்கள் இருந்தால், எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். பின்பக்கப் படம் ஒன்று போட்டால் பேருதவி.