கண்மாயில் சீமைக்கருவேலம்: வெட்ட வெட்டத் துளிர்க்குது

கேள்வி: சிவகங்கைப் பக்கம் எங்க ஊர்க் கண்மாயில் இளவட்டங்க சேர்ந்து சீமைக்கருவேலம் வெட்டுறோம். ஒரு மழை பெஞ்சதும் அடிக்கட்டையில் கொத்தாத் துளிர்க்குது. என்ன வழி?

பதில் 1: தரைமட்டத்தில் வெட்டினால் அப்படித்தான். மொட்டு மண்ணுக்குள்ள வேர்க்கழுத்தில், அதாவது தண்டும் வேரும் சேருற இடத்தில் இருக்கு. சுத்தி ஒரு அடி தோண்டி, அதுக்கும் கீழே வேரை அறுங்க. பெரிய மரத்துக்கு ஜேசிபி. கரைமேல மட்டும் வேண்டவே வேண்டாம். வேரோட பிடுங்கின குழியில்தான் கரை உடையும்.

பதில் 2: அண்ணே, நாட்டுக்கருவேலத்தைத் தொட்டுடாதீங்க, கொக்கும் நாரையும் அதில் கூடு கட்டும். பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்தாப்ல இருந்தா நாட்டு மரம். பூ கதிராத் தொங்கினா சீமை.

பதில் 3: ஆடு மாடு நெத்தைத் தின்னு சாணியில் விதைச்சிடும். மழை ஈரத்திலேயே கன்றைக் கையால் பிடுங்கிடுங்க. காலிக்கரையில் புரட்டாசியில் பனங்கொட்டை, பத்தடிக்கு ஒண்ணு. மரம் வெட்ட அனுமதி எழுத்தில் வாங்கிட்டீங்களா?